கடல் கொண்ட நாட்டுக்கு எல்லை வரைந்தவர்கள்

இல்லாத ஒரு நாட்டுக்கு நிலப்படம் வரைவது எளிது போலத் தோன்றும். தாளும் கோலும் இருந்தால் போதும். மறுத்துச் சொல்ல ஆள் இல்லை. ஆனால் வரைந்து முடித்த பின் அப்படத்தைப் பார்க்கிறவன் மனத்தில், இப்படி ஒரு நாடு இருந்திருக்கக் கூடும் என்ற எண்ணம் எழவேண்டுமானால், ஆறு எங்கே பிறந்து எங்கே கடல் சேர்ந்தது, மலையில் கணவாய் எது, உப்பு எங்கே விளைந்தது, எந்த அரசன் எந்த இடத்தோடு நின்றான், ஏன் நின்றான் என்ற வினாக்களுக்கெல்லாம் படமே விடை சொல்லியாகவேண்டும். தமிழில் இந்த முயற்சி ஒன்று நூறாண்டுக்கு மேலாக நடந்திருக்கிறது. குமரிக்கண்டத்துக்கு வரையப்பட்ட படங்களைத்தான் சொல்கிறேன். நம் வட்டத்துக் கவிஞர்களுக்கு மிக நெருக்கமான பொருள் இது. கூடங்குளத்துக் கரையில் நின்று தெற்கே பார்க்கிறவர்கள் அந்த நாட்டை எண்ணாமல் இருக்கவும் இயலாது. அதனாலேயே அதை வரலாறாக அன்றி, வரையப்பட்ட ஒன்றாக எடுத்து ஆராய்வது நமக்கு நன்மை தரும் எனக் கருதுகிறேன்.

அந்த நாடு பிறந்ததே ஓர் எல்லை வினாவிலிருந்துதான். தொல்காப்பியப் பாயிரம் தமிழ்கூறும் நிலத்துக்கு வடக்கே வேங்கடத்தையும் தெற்கே குமரியையும் எல்லையாகச் சொல்கிறது. சிலப்பதிகாரத்து வேனிற்காதையின் தொடக்கத்திலோ தென்னெல்லை கடலாகக் கூறப்படுகிறது. ஆற்றைச் சொல்லவேண்டிய இடத்தில் கடலை ஏன் சொன்னார் என்பது உரையாசிரியர் அடியார்க்கு நல்லாருக்கு எழுந்த ஐயம். ஆற்றைக் கடல் கொண்டுவிட்டது என்பது அவர் கண்ட விடை. விடையோடு நின்றிருந்தால் கண்டம் பிறந்திராது. பஃறுளி ஆற்றுக்கும் குமரி ஆற்றுக்கும் இடையே எழுநூறு காவதம் என்றார். அவ்விடத்தில் ஏழு தெங்க நாடும், ஏழு மதுரை நாடும், ஏழு முன்பாலை நாடும், ஏழு பின்பாலை நாடும், ஏழு குன்ற நாடும், ஏழு குணகாரை நாடும், ஏழு குறும்பனை நாடுமாக நாற்பத்தொன்பது நாடுகள் இருந்தன என்றும் எண்ணிக் காட்டினார். தமிழில் எழுதப்பட்ட கற்பனை நாட்டரசியலுக்கு இதைவிடச் செறிவான குறிப்பு வேறில்லை.

இந்தப் பெயர்களைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். தென்னை, பாலை, குன்று, கீழ்க்கரை, குட்டைப் பனை. இராதாபுரத்திலிருந்து கூடங்குளம் வழியாக இடிந்தகரை வரை நடந்து போகிறவன் இவற்றில் பெரும்பாலானவற்றை அரை நாளில் கண்டுவிடுவான். மேற்கே மகேந்திரகிரி, காலடியில் வெயில் காய்ந்த மேட்டு நிலம், பனங்காடு, உவரிப் பக்கம் செம்மண் தேரி, பிறகு கடல். உரையாசிரியர் தாம் காணாத நாட்டை, தென்கோடியில் காணக்கூடிய நிலத்தைக் கொண்டே நிரப்பினார் என்பது என் எண்ணம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கண்ட நிலத்தின் பெயரால் காணாத நிலத்தை நம்பவைப்பது நல்ல கற்பனையின் முதல் வேலை. நாடுகளுக்கு அரசர் பெயரை இட்டிருந்தால் அக்குறிப்பு என்றோ பொய்த்துப் போயிருக்கும். நிலத்தின் பெயரை இட்டதனால் இன்னும் நிற்கிறது.

எண்களும் அப்படியே. நாற்பத்தொன்பது நாடு, இறையனார் அகப்பொருள் உரையில் கடைச்சங்கப் புலவர் நாற்பத்தொன்பதின்மர், அச்சங்கத்தைப் புரந்த அரசரும் நாற்பத்தொன்பதின்மர். மூன்று சங்கங்களும் நடந்ததாகச் சொல்லப்படும் ஆண்டுகள் 4440, 3700, 1850. மூன்றும் 37ஆல் மிச்சமின்றி வகுபடும். ஆண்டுகள் நடந்து சேர்ந்த கணக்கு இப்படி அமையாது. அமைத்த கணக்குத்தான் இப்படி அமையும்.

அடியார்க்கு நல்லார் உரையோடு சிலப்பதிகாரத்தை உ.வே.சாமிநாதையர் 1892இல் அச்சிட்டார். அதற்கு முன்பே மேலைநாட்டில் வேறொரு நாடு மிதக்கத் தொடங்கிவிட்டது. 1864இல் பிலிப் ஸ்க்லேட்டர் என்ற விலங்கியல் அறிஞர், லெமூர் என்னும் விலங்கினம் மடகாஸ்கரில் மிகுந்து காணப்படுவதையும், அதற்கு உறவான வகைகள் இந்தியாவில் இருப்பதையும் கண்டு, இடையில் ஒரு கண்டம் இருந்திருக்கவேண்டும் என்று சொல்லி அதற்கு லெமூரியா எனப் பெயரிட்டார். எர்ணஸ்ட் ஹேக்கல் மனித இனமே அங்கிருந்து பரவியிருக்கலாம் என்று படம் போட்டார். 1904இல் பிரம்மஞான சபையைச் சேர்ந்த ஸ்காட் எலியட் அதற்கு இரண்டு முழுப் படங்களை வெளியிட்டார். விலங்குக்காகத் தோன்றிய கண்டமும் எல்லை வினாவுக்காகத் தோன்றிய நாடும் சென்னை மாகாணத்தில் சந்தித்துக்கொண்டன. 1903இல் வெளிவந்த தம் 'தமிழ்மொழியின் வரலாறு' நூலில் பரிதிமாற் கலைஞர் இவ்விரண்டையும் இணைத்து எழுதினார்.

தமிழில் முதலாவதாகக் குறிக்கத்தக்க படம், வேடிக்கையாக, ஐயுறவு கொண்ட ஒருவரால் வெளியிடப்பட்டது. 1916இல் மதுரைத் தமிழ்ச்சங்கத்துச் 'செந்தமிழ்' இதழில் எஸ்.சுப்பிரமணிய சாஸ்திரி எழுதிய கட்டுரை அது. கடல் கொண்ட நிலம் ஒரு தாலுகா அளவினதாகவே இருந்திருக்கும் என்பது அவர் முடிவு. யாரும் அவரைப் பின்பற்றவில்லை. 1927இல் மு.சி.பூரணலிங்கம் பிள்ளை புராண கால இந்தியாவுக்கு ஒரு படம் தந்து, இலக்கியப் பெயர்களை அதில் நிரப்பினார். அவர் திருநெல்வேலிக்கு அருகிலுள்ள முன்னீர்ப்பள்ளத்துக்காரர். 1946இல் புலவர் குழந்தை வரைந்த படத்தில் தென்மதுரையும் கபாடபுரமும் ஊர்ப்புள்ளிகளாக ஏறின. குமரிக்கண்டம் பற்றித் தனி நூல் எழுதிய கா.அப்பாத்துரை ஆரல்வாய்மொழியில் பிறந்தவர். குமரிநாட்டைத் தமிழின் பிறந்தகமாக வாழ்நாள் முழுவதும் வாதிட்ட தேவநேயப் பாவாணர் சங்கரன்கோவிலில் பிறந்தவர். இழந்த தெற்கை நினைத்து உருகியவர்களில் இத்தனை பேர் நம் பக்கத்தவராக இருப்பது தற்செயல் அன்று. நாடு முடிகிற இடத்தில் பிறந்தவனுக்கே அதற்கு அப்பால் என்ன என்ற ஏக்கம் மிகுதி. 1981 சனவரியில் மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில் குமரிக்கண்டம் பற்றித் தமிழக அரசின் சார்பில் ஒரு படமே திரையிடப்பட்டது.

இப்படங்களை வரலாறு என்று கொண்டால் முதலில் இடிப்பது அளவு. ஒரு காதம் பத்து மைல் என்று கொள்வது நம் வழக்கு. எழுநூறு காதம் ஏழாயிரம் மைல் ஆகிறது. கன்னியாகுமரி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டுப் பாகையில் இருக்கிறது. அங்கிருந்து நேர் தெற்காகத் தென்துருவம் வரை அளந்தால் ஏறத்தாழ 6,770 மைல்தான் வரும். எழுநூறு காதத்தை அப்படியே நம்பி நடந்தால் துருவத்தைக் கடந்து மறுபக்கம் ஏறிவிடுவோம்! இதற்கு அஞ்சியே படம் வரைந்தவர்கள் சிலர் காதத்தைச் சுருக்கினார்கள். சிலர் நாட்டை மேற்கும் கிழக்குமாக அகலப்படுத்தினார்கள். லெமூரியாவுக்கும் நிலை இதுவே. 1912இல் ஆல்பிரட் வெகனர் கண்டங்கள் நகர்கின்றன என்றார். 1960களில் கடல் தரை ஆய்வுகள் அதற்கு உறுதி தந்தன. இடையில் ஒரு கண்டத்தை மூழ்கடிக்கவேண்டிய தேவையே இல்லாமற் போயிற்று.

எனினும் கடல் ஒன்றையும் கொள்ளவில்லை என்பதும் பொய். ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு 120 மீட்டர் அளவுக்குக் கீழே இருந்தது. இலங்கைக்கு நடந்து போகலாம். குமரிமுனைக்குத் தெற்கே வாட்ஜ் திட்டு என்று இன்று வழங்கும் ஆழம் குறைந்த பரப்பில் பெரும்பகுதி வெளியே தெரிந்திருக்கும். அதன் பரப்பு ஏறத்தாழ பதினாயிரம் சதுரக் கிலோமீட்டர். பனி உருகிக் கடல் ஏறி இன்றைய நிலையை நெருங்க ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வரை ஆயிற்று. அங்கே மனிதர் அலைந்திருக்கலாம். ஆனால் உழுது நீர் தேக்கி நாடு என்று பேர் சூட்டி வரி கொடுத்த குடிகள் அக்காலத்தில் தமிழகத்தின் எந்த மூலையிலும் இல்லை.

நாடு என்ற சொல்லே இங்கு நம்மை ஏமாற்றுகிறது. இன்று நாடு என்றதும் பேரரசு நினைவுக்கு வருகிறது. கல்வெட்டுகளில் நாடு என்பது சில ஊர்களின் தொகுதி. திருநெல்வேலி கீழ்வேம்ப நாட்டில் இருந்தது. அம்பாசமுத்திரப் பகுதி முள்ளி நாடு. குமரி புறத்தாய நாடு. எ.சுப்பராயலு 1973இல் வெளியிட்ட சோழநாட்டு அரசியல் புவியியல் பற்றிய நூலில் கல்வெட்டுச் சான்றுகளை ஊர் ஊராகக் குறித்து, அந்நாடுகளுக்கு உண்மையான படம் வரைந்தார். கோடிட்ட எல்லைகளைவிட வாய்க்காலும் வயலும் சேர்ந்த கொத்துகளே அதில் புலப்படுகின்றன. கொத்துக்கும் கொத்துக்கும் இடையே யாருக்கும் வேண்டாத மேட்டு நிலம். ஒரு நாட்டுக்கு நூறு முதல் இருநூறு சதுரக் கிலோமீட்டர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், நாற்பத்தொன்பது நாடும் ஐயாயிரத்துக்கும் பதினாயிரத்துக்கும் இடையில் அடங்கிவிடும். சுப்பிரமணிய சாஸ்திரியின் தாலுகாவைவிடப் பெரிது. கண்டத்தைவிட மிகச் சிறிது. உரையாசிரியர் எண்ணிய நாடுகள் இவ்வகையினவாகவே இருந்திருக்கும். கண்டமாக்கியது நம் நூற்றாண்டுகளின் வேலை.

எனக்கு இப்படங்கள் மீதுள்ள மனத்தாங்கல் வேறு. அவற்றில் பகை இல்லை. ஒரே பாண்டியன், ஒரே மொழி, அண்டை அரசு கிடையாது, சுங்கச்சாவடி கிடையாது, ஒருவரும் இன்னொருவர் நீரைத் தடுக்கவில்லை. அரசியல் இல்லாத அரசியல் படம்! பழம்பாடலோ இவ்வளவு கள்ளமற்றதாக இல்லை. கலித்தொகையின் முல்லைக்கலிப் பாட்டொன்று, கடலால் நிலம் இழந்த பாண்டியன் அதற்கு ஈடாகச் சேர சோழர் மண்ணில் புகுந்து இடம் பிடித்தான் என்று பெருமையாகச் சொல்கிறது. கடல் ஒரு பக்கம் கொண்டால், அரசன் மறுபக்கம் கொள்கிறான். அந்த மறுபக்கத்தில் குடியிருந்தவன் என்ன ஆனான்? பஃறுளிக்காக இரங்கிய நம் கவிதைகளில் அவனுக்கு இடம் கிடைத்ததாகத் தெரியவில்லை. படம் வரைந்த புலவர்களைவிட அந்தப் பாட்டுக்காரனுக்கு அரசியல் தெரிந்திருக்கிறது.

உண்மையான அரசியல் படம் எப்படி இருக்கும் என்று அறிய வெகுதூரம் போகவேண்டியதில்லை. கூடங்குளத்துக்கு மேற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய். முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று வருகிற அதே வாயில் வழியாகத்தான் படைகளும் வந்தன. திருவிதாங்கூர் அரசு அங்கே கோட்டைமதில் எழுப்பியது. வேலுத்தம்பி தளவாயின் எழுச்சியின்போது 1809 பிப்ரவரியில் கும்பினிப் படை அதை உடைத்து உள்ளே போயிற்று. மலைக்கு இப்பால் உள்ள களக்காடு சில காலம் வேணாட்டரசர் கையில் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் அதற்காகத் திருவிதாங்கூரும் ஆர்க்காட்டு நவாபின் ஆட்களும் மோதினார்கள். மலை இயற்கை எல்லை என்று பள்ளிப்பாடம் சொல்லும். செங்கோட்டையோ மலைக்குக் கிழக்கே இருந்துகொண்டே 1956 நவம்பர் 1 வரை மேற்கத்திய அரசுக்கு உட்பட்டிருந்தது. நாயக்கர் காலத்தில் எழுபத்திரண்டு பாளையங்கள் என்று கணக்கு. அவற்றில் நெல்லைச் சீமையில் இருந்தவை கரிசலிலும் மலையடியிலுமாக நின்றன. தாமிரபரணிப் பாசனத்தின் நஞ்சைப் பட்டை பெரும்பாலும் பாளையங்களுக்கு வெளியே இருந்தது. ஏன்? ஆற்றுவெளியில் கோயிலும் ஊர்ச்சபையும் நெல்லும் முன்பே வேரூன்றியிருந்தன. வாளோடு வந்தவனுக்கு வறண்ட விளிம்புகளே மிஞ்சின. இதை ஒரு கற்பனை நாட்டுக்கு எழுதினால் யாரும் நம்புவார்கள்.

நீரின் எல்லை இன்னொரு வகை. இராதாபுரத்துக் கால்வாய்க்குத் தண்ணீர் குமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை, கோதையாற்று அமைப்பிலிருந்து மாவட்ட எல்லையைத் தாண்டி வரவேண்டும். அணுமின் நிலையத்துக்கும் முதலில் பேச்சிப்பாறை நீரே திட்டமிடப்பட்டது. பிறகு கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையே கட்டினார்கள்.

தாமிரபரணியின் முகத்தில் நிகழ்ந்தது குமரிக் கதைக்கு நேர் எதிர். கொற்கை கடலில் மூழ்கவில்லை. கடல் கொற்கையை விட்டுவிட்டுப் போயிற்று. ஆறு கொண்டுவந்த மண் முகத்துவாரத்தை நிரப்ப, துறைமுகம் காயலுக்கு மாறியது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோபோலோ புகழ்ந்த அந்தக் காயலும் பின்பு தூர்ந்து பழையகாயல் என்று பேர் பெற்றது. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் கொற்கையிலும் காயலிலும் தோண்டிப் பார்த்து இதை எழுதிவைத்தார். நெல்லைச் சீமையின் பெருநகர் ஒன்றை அழித்தது ஆழிப்பேரலை அன்று, வண்டல். வண்டலைப் பற்றி யாரும் காவியம் பாடுவதில்லை. மெதுவாக வருகிற அழிவுக்குக் கவிஞர்களிடம் மரியாதை குறைவு.

குமரிக்குத் தெற்கே உள்ள கடலில் கடைசியாக ஒரு கோடு வரைந்தவர்கள் புலவர்கள் அல்லர், இரண்டு அரசுகள். 1976 மார்ச்சு 23இல் இந்தியாவும் இலங்கையும் மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் எல்லை வகுத்துக்கொண்டபோது, வாட்ஜ் திட்டு இந்தியாவுக்கு உரியதென ஏற்கப்பட்டது. இலங்கைப் படகுகள் ஆறுக்கு மட்டும் மூன்றாண்டு அங்கே மீன்பிடிக்க இசைவு தரப்பட்டது. எந்தப் படகு, எத்தனை டன், எத்தனை ஆண்டு என்றெல்லாம் எழுதிய தாள் அது. அடியார்க்கு நல்லார் கேட்ட அதே தென்னெல்லை வினாவுக்கு எண்ணூறு ஆண்டு கழித்துக் கிடைத்த விடை என்றும் அதைச் சொல்லலாம்.

இக்கரையின் மீனவர்களிடம் அக்கடலடி நிலத்துக்கு வேறொரு படம் இருந்தது. ஜி.பி.எஸ். கருவி வருவதற்கு முன் அவர்கள் கரையிலுள்ள ஒரு கோயிற்கோபுரத்தையோ தேவாலயக் கோபுரத்தையோ பின்னால் தெரியும் மலைமுடியோடு நேர்கோட்டில் பொருத்துவார்கள். இன்னொரு பக்கத்தில் இன்னும் இரண்டு அடையாளங்களைப் பொருத்துவார்கள். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் பார் இருக்கும். கல்லைக் கயிற்றில் கட்டி இறக்கி, இத்தனை பாகம் ஆழம், அடியில் மணலா கல்லா சேறா என்று பார்த்துக்கொள்வார்கள். பாருக்கு ஒரு பெயரும் இருக்கும். மகனுக்கு அதைக் கடலில் வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். கரையில் அடுத்த படகுக்காரன் கேட்டால் சொல்லமாட்டார்கள்.