மன்னார்க் கடற்படுகையும் பழங்கருவிப் பதிவுகளும்: வாசிப்புரிமை பற்றிய ஒரு நோக்கு

அறிவியற் கருவிகள் அளந்தவற்றைச் சேமித்து வைத்தலும் அவற்றை வாசிக்கும் ஆற்றலைப் பேணுதலும் ஒன்றல்ல. முன்னையது பண்டத்தைக் காத்தல். பின்னையது உற்பத்திச் சாதனத்தைக் காத்தல். பழைய கருவிகளுக்கென எழுதப்பட்ட மென்பொருளை இன்றைய கணினிகளில் இயக்கும் முயற்சி, தொழில்நுட்பவியலாளரின் பொழுதுபோக்காகவே பெரிதும் கருதப்படுகின்றது. மன்னார்க் கரையின் வரலாற்றை நோக்குவோருக்கோ அது உடைமை பற்றிய வினாவாகும்.

மன்னார்க் கடலின் அடித்தளம் நெடுங்காலமாகவே மூலதனத்தின் கவனத்துக்குரியதாய் இருந்து வந்துள்ளது. முத்துச் சலாபங்கள் தொடர்ந்து பொய்த்தமையாற் கவலையுற்ற காலனித்துவ அரசுக்காக, லிவர்பூல் பேராசிரியர் ஹேர்ட்மன் 1902இல் இங்கு வந்து முத்துப்பார்களை ஆராய்ந்தார். அவரும் ஜேம்ஸ் ஹோர்ணலும் நடத்திய ஆய்வின் பேறுகளை லண்டன் றோயல் சொசைற்றி 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக வெளியிட்டது. 1906இல் முத்துப்பார்கள் தனியார் கம்பனியொன்றுக்குக் குத்தகையாக விடப்பட்டன. ஆய்வு முன்னே செல்லக் குத்தகை பின்னே வந்தது. சில ஆண்டுகளிலேயே கம்பனி வீழ்ந்தது. அறிக்கையோ அச்சில் நிலைத்தது. அம்மொழியறிந்த எவரும் அதனை இன்றும் வாசிக்கலாம். எவருடைய நலனுக்காக அது எழுதப்பட்டதோ அவருக்கு எதிராகவும் எடுத்துக்காட்டலாம்.

அடுத்த கட்டத்தில் நிலைமை மாறியது. 1961இல் நிறுவப்பட்ட இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 1970களின் நடுப்பகுதியிற் சோவியத் உதவியுடன் மன்னார்த் தீவின் பேசாலையில் எண்ணெய்க் கிணறுகளைத் தோண்டியது. 2011இல் கெயான் நிறுவனம் மன்னார்க் கடற்படுகையில் டொராடோ, பரக்கூடா என்னும் கிணறுகளில் இயற்கை வாயுவைக் கண்டது. இத்தகைய தேடல்களுக்கு அடிப்படை நில அதிர்வு அளவையாகும். பாறைப் படைகளிற் பட்டு மீளும் அதிர்வலைகளை உணர்கருவிகள் ஏற்கின்றன. 1960களிலிருந்து உலகெங்கும் அவை காந்த நாடாக்களில் எண்களாகப் பதியப்படலாயின. அச்சேடு கண்ணுக்குப் புலனாவது. நாடா பொறிக்கு மட்டுமே புலனாவது.

1975இல் வகுக்கப்பட்ட 'செக்-வை' என்னும் பதிவு நியமத்தை ஈண்டு நோக்கலாம். அதன் தலைப்புரை எண்பது எழுத்துக் கொண்ட நாற்பது வரிகளாலானது. துளையட்டையின் அளவே வரியின் அளவாயிற்று. அதிர்வின் வலிமையைக் குறிக்கும் எண்கள் ஐ.பி.எம். கணினிகளுக்குரிய பதினாறடிமான முறையில் எழுதப்பட்டன. இன்றைய கணினிகள் பின்பற்றுவதோ 1985இல் உருவான ஈரடிமான முறை. பழைய எண்களைப் புதிய முறையால் வாசித்தால் பொறி நின்றுவிடாது. ஒரு படத்தைத் தரும். அப்படத்திற் பாறைப் படைகளும் தென்படும். அலைகளின் வலிமை மட்டும் திரிந்திருக்கும். பிழை பிழையாகத் தோன்றாமையே இதன் ஆபத்து.

தமிழ் ஆய்வாளருக்கு இச்சிக்கல் புதிதன்று. புள்ளியிடாது எழுதப்பட்ட, எகர ஏகார வேறுபாடு காட்டாத ஏடுகளைக் கொண்டே சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தார். ஏடு கையிலிருந்தமை மட்டும் போதவில்லை. எழுத்து மரபும் உரை மரபும் அவருக்குத் துணைநின்றன.

நியமம் வெளிப்படையாயின் பதிவைப் புதிய வடிவுக்கு மாற்றினாற் போதும். கருவியின் கணிப்பு முறை மென்பொருளுக்குள்ளேயே மறைந்திருப்பின் அம்மென்பொருளையே இயக்குதல் வேண்டும். ஒரு கணினியைப் போல மற்றொன்றை நடந்துகொள்ளச் செய்யும் எமுலேற்றர் அதற்கே பயன்படுகின்றது. 1964இல் ஐ.பி.எம். தனது 360 வரிசையை அறிவித்தபோது, பழைய 1401 கணினியின் நிரல்களைப் புதியதில் இயக்க வழி செய்தது. வாடிக்கையாளர் பழைய நிரல்களில் இட்ட உழைப்பையும் பணத்தையும் கைவிட விரும்பாமையே அதன் காரணம். சந்தைக்காகப் பிறந்த அந்நுட்பம் பின்னர் பொதுவுடைமையாகவும் வளர்ந்தது. பொப் சுப்னிக் 1993இல் தொடங்கிய 'சிம்எச்' என்னும் மென்பொருள், ஆய்வுகூடக் கருவிகளை ஒருகாலத்தில் இயக்கிய பி.டி.பி.-11 போன்ற கணினிகளை இன்றைய மேசைக் கணினியில் இலவசமாக உயிர்ப்பிக்கின்றது.

எனினும் எமுலேற்றர் தனித்து எதனையும் மீட்டுத்தராது. மூல நிரல், கருவியின் அளவுத்திருத்தக் குறிப்பு, இயக்கும் உரிமம் ஆகியனவும் வேண்டும். இவை கம்பனியின் பெட்டகத்தில் இருக்க, பதிவு மட்டும் நாட்டிடம் இருப்பின் அந்நாடு தன் நிலத்தைப் பற்றித் தானே அறிவதற்கும் விலை கொடுக்க நேரும். நூற்றாண்டுக்கு முன் முத்துப்பார் குத்தகையாயிற்று. இனி அறிவே குத்தகையாகலாம். அதன் சுமையைத் தாங்குவோர், அக்கடற்படுகையின் மேல் வலைவீசி வாழும் பேசாலை, சிலாவத்துறை மீனவரே. தம் கடலடியில் என்ன உளதென்பதை உரிமையாளர் சொல்லக் கேட்பதன்றித் தாமே சரிபார்க்க அவர்களுக்கு வழியில்லை.

ஆகவே, கடலையும் நிலத்தையும் அளக்கும் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் பதிவுடன் அதனை வாசிக்கும் மென்பொருளும் விளக்கக் குறிப்புகளும் பொது நூலகத்தில் அல்லது பல்கலைக்கழகத்தில் வைப்பிடப்படுதல் வேண்டும். 2020இல் மன்னார்த் தீவிற் திறக்கப்பட்ட தம்பபவனி மின்னிலையத்தின் முப்பது காற்றாலைகளை இயக்கும் மென்பொருளும் ஒரு நாள் பழையதாகும். அந்நாளைக்குரிய ஏற்பாட்டை இன்றே செய்தல் வேண்டும்.