ஒருத்தர் போதாதா?

பாட்டியின் கடைசி வாரங்களில் டாக்டர், தாதி, சமூகப் பணியாளர் என மூன்று பேர் மாறிமாறி வீட்டுக்கு வந்தார்கள். "ஒருத்தர் வந்தா போதாதா?" என்று அம்மாவிடம் கேட்டேன். பொறியாளன் புத்தி.

பதில் சிசிலி சாண்டர்ஸின் வாழ்க்கையில் இருக்கிறது. 1940களில் லண்டனில் தாதியாகப் பயின்றவர், முதுகுவலியால் அதை விட்டு மருத்துவமனைச் சமூகப் பணியாளரானார். அப்போது பழகிய போலந்து அகதி டேவிட் தாஸ்மா 1948இல் புற்றுநோயில் இறந்தார். சாண்டர்ஸ் கட்டப்போகும் இல்லத்தில் தான் ஒரு ஜன்னலாக இருக்கவேண்டும் என்று 500 பவுண்டு எழுதிவைத்தார். சாண்டர்ஸ் மறுபடி படித்து 1957இல் டாக்டரானார். வலி திரும்பும் முன்பே வேளை தவறாமல் மார்பின் கொடுக்கச் சொன்னார்.

மூன்று வேலையும் தெரிந்தவர்தான். ஆனாலும் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தபோது குழுவைத்தான் அமைத்தார். உடல், மனம், குடும்பம், ஆன்மா எல்லாம் சேர்ந்ததே 'முழு வலி' என்றார்.

பாட்டிக்கு டாக்டர் மார்பின் அளவைப் பார்த்தார். தாதி மலச்சிக்கலைப் பற்றி விசாரித்தார். சமூகப் பணியாளரோ அம்மா பக்கம் திரும்பி, "நீங்க தூங்கி எத்தன நாளாச்சு?" என்றார். அம்மா அன்றுதான் அழுதார். அதே வீட்டில் இருந்த நான் அதைக் கேட்கவே இல்லை.