சோகப் பெட்டி

உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். லேசாக இருக்கிறதா? 1930களில் அமெரிக்காவின் டெக்சாஸ் மலைப்பகுதிப் பெண்கள் தூக்கியது ஏறக்குறைய மூன்று கிலோ இரும்புக் கட்டி. பெயர் 'ஸேட் அயர்ன்'. பழைய ஆங்கிலத்தில் 'ஸேட்' என்றால் கனமானது. தூக்கியவர்களைக் கேட்டால் சோகம் என்ற அர்த்தமே சரி என்பார்கள்!

அந்தக் கட்டி சூடாக, உச்சிக் கோடையிலும் விறகடுப்பு எரியணும். விறகு சுமக்கணும். கிணற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் இறைக்கணும். கரண்ட் இல்லாத ஊரில் மோட்டார் ஏது? பல பெண்களுக்கு வயசாகும் முன்பே கூன் விழுந்துவிட்டது.

அதே காலத்தில் அமெரிக்க நகரங்களில் பத்து வீட்டில் ஒன்பதுக்கு மின்சாரம் இருந்தது. பண்ணை வீடுகளில் பத்துக்கு ஒன்றுதான். கம்பெனிகளின் கணக்கு சிம்பிள். வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன, கம்பி இழுத்தால் கட்டாது. நானும் பி.காம்.தான், கூட்டல் சரி. ஆனால் அந்தப் பேரேட்டில் பெண்களின் முதுகுக்குப் பற்று வைக்க இடமே இல்லை.

1935ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கிராமப்புற மின்மயத்துக்கென்று ஓர் அமைப்பை உருவாக்கினார். விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தால் குறைந்த வட்டியில் அரசுக் கடன். அதிலும் ஒரு வில்லங்கம். மைலுக்கு மூன்று வீடாவது இருக்கணுமாம்! டெக்சாஸ் மலைப்பகுதி தேறவில்லை. அந்தத் தொகுதியின் இளம் எம்.பி. லிண்டன் ஜான்சன் (பிற்பாடு ஜனாதிபதியானாரே, அவரேதான்) ரூஸ்வெல்ட்டிடமே நேரில் போய் விதியைத் தளர்த்த வைத்தார். 1939ல் விளக்கு எரிந்தது.

கரண்ட் வந்த பண்ணை வீடுகளுக்குள் ரேடியோவோடு போட்டி போட்டுக்கொண்டு முதலில் நுழைந்த சாமான் எது தெரியுமா? மின்சார இஸ்திரிப் பெட்டி.