நன்மை வாங்கும் நாம்



பாஸ்கா காலத்தில் ஒருமுறையாவது நன்மை வாங்குங்கள் என்று 1215-ல் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் கட்டளையிட வேண்டியிருந்தது. அவ்வளவு அரிதாகவே மக்கள் பந்திக்கு வந்தார்கள். பிற்காலத்தில் ஜான்சனியக் கொள்கை, 'எனக்குத் தகுதியில்லை' என்ற அச்சத்தை இன்னும் வளர்த்தது.

புனித பத்தாம் பயஸ் அந்த அச்சத்தைப் போக்கினார். அருள்நிலையும் நல்ல நோக்கமும் இருந்தால் தினமும் நன்மை வாங்கலாம் என்று 1905-ல் அறிவித்தார். 1910-ல், ஏறத்தாழ ஏழு வயதிலேயே பிள்ளைகளுக்குப் புதுநன்மை கொடுக்கச் சொன்னார். நற்கருணையைப் பலவீனருக்கு மருந்தாகவே அவர் கண்டார்.

இன்று நாம் தயங்காமல் வரிசையில் நிற்கிறோம். ஆனால், ஆண்டுக்கணக்கில் நாம் முகம்கொடுத்துப் பேசாத சகோதரரும் அதே வரிசையில் நிற்கிறார். இருவரும் வாங்குவது ஒரே ஆண்டவரைத்தானே? அடுத்த ஞாயிறு 'ஆமென்' சொல்லுமுன், அவர் வீட்டுக்கு ஒருமுறை போய் வருவோம்.