மூலமும் உரையும்

1979இல் யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பை வெளியிட்டபோது ஏடி அண்ட் டி நிறுவனம் உரிமத்தில் புதிதாக ஒரு தடையைச் சேர்த்தது: மூலநிரலை வகுப்பில் பாடமாக நடத்தக் கூடாது. பல்கலைக்கழகங்களுக்கு மூலநிரல் கிடைப்பதை அது நிறுத்தவில்லை. வாங்கலாம், கணினியில் ஏற்றலாம், திருத்தலாம். மாணவர்களுக்கு விளக்குவது மட்டும் ஆகாது. திறந்த மூல மென்பொருளின் வரலாற்றைப் பெரும்பாலும் உரிமங்களின் கதையாகவே எழுதிவிடுகிறார்கள். யார் படியெடுக்கலாம், யார் விற்கலாம் என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. ஆனால் வணிக ரகசியம் கசிவது நிரலால் அல்ல, விளக்கத்தால்தான் என்று அந்த நிறுவனம் கணக்குப் போட்டதாகவே அந்தத் தடையிலிருந்து தோன்றுகிறது. கணக்கு சரிதான். விளக்கம் இல்லாத மூலநிரல் பாதிதான் திறந்திருக்கிறது.

தடைக்கு முன்பே ஒரு விளக்கம் உலவிக்கொண்டிருந்தது. சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய ஜான் லயன்ஸ், யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் மையப் பகுதியான கெர்னலுக்குத் தம் மாணவர்களுக்காக 1976, 77இல் உரை எழுதினார். மூலமும் உரையும் ஒரே கட்டாக வரும் நம் பழந்தமிழ் நூல் பதிப்புகளைப் போலன்றி, சுமார் 9,000 வரி நிரல் ஒரு தொகுதியாகவும் உரை இன்னொரு தொகுதியாகவும் இருந்தன. இரண்டையும் அருகருகே விரித்து வைத்துப் படிக்க அதுதான் வசதி. நிரல் தொகுதியில் தாளுக்கு நூறு வரி, ஐம்பது ஐம்பதாக இரண்டு பத்தி. வரி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களே தாள் எண். 2238 என்றால் 22ஆம் தாளில் 38ஆம் வரி. அந்த வரியில் யூனிக்ஸ் ஆசிரியர்கள் போட்டிருந்த குறிப்பு பிற்பாடு பெரும்புகழ் பெற்றது: இது உங்களுக்குப் புரியவேண்டும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை என்பது அதன் சாரம். தேர்வில் இது வராது என்ற தொனியில்தான் எழுதினோம், திமிராக அல்ல என்று அவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சி பிறகு விளக்கினார். அங்கே நடப்பது உண்மையில் தங்களுக்கும் சரியாகப் புரிந்திருக்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். எழுதியவர்களுக்கே பிடிபடாத நிரல், படிப்பவருக்குத் தானாகவே விளங்கிவிடும் என்று எப்படி நம்புவது?

தடை வந்த பிறகு லயன்ஸின் உரை நகலின் நகலாக உலகெங்கும் கைமாறியது. முறையாக அச்சேற 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்னொரு விளைவு அதைவிடப் பெரியது. யூனிக்ஸைப் பாடமாக நடத்த முடியாமல் போனதால் ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டானென்பாம் மினிக்ஸ் என்று தாமே ஓர் இயங்குதளத்தை எழுதி, 1987இல் நிரலையும் விளக்கத்தையும் ஒரே பாடநூலில் வெளியிட்டார். மினிக்ஸை வைத்துக்கொண்டுதான் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸைத் தொடங்கினார். லினக்ஸின் வம்சாவளியில் ஒரு பாடநூல் இருக்கிறது.

நிரலுக்கு விளக்கமும் வேண்டும் என்பதற்கு நிரலர்கள் சொல்லும் மறுப்பு பழையது, வலுவானதும்கூட: டாக்குமென்டேஷன் பழசாகிப் பொய் சொல்லும், நிரல் பொய் சொல்லாது. முதல் பாதி உண்மைதான். அதற்கு மருந்தாகவே 2001இல் பைதான் 2.1உடன் டாக்டெஸ்ட் வந்தது. விளக்கத்துக்குள் இருக்கும் எடுத்துக்காட்டுகளை ஓட்டிப் பார்த்து, எழுதியிருக்கும் விடை வருகிறதா என்று அது சரிபார்க்கும். இரண்டாம் பாதியில்தான் சிக்கல். இன்று என்ன நடக்கிறது என்பதை நிரல் சொல்லும். நாளையும் அப்படியே நடக்கும் என்ற வாக்கை அது தராது.

ஓர் எடுத்துக்காட்டு: 2010இல் ஃபெடோரா 14 என்ற லினக்ஸ் வழங்கலில், சில இன்டெல் கணினிகளில் ஃபிளாஷ் வீடியோக்களின் ஒலி கரகரத்தது. காரணம், ஜிலிப்சி என்ற சி லைப்ரரியின் மெம்காப்பி செயற்கூறு. நினைவகத்தில் ஓரிடத்தில் இருப்பதை இன்னோரிடத்துக்கு நகலெடுப்பது அதன் வேலை. இரண்டு இடங்களும் ஒன்றன்மேல் ஒன்று படியக் கூடாது, படிந்தால் மெம்மூவ் என்பதைப் பயன்படுத்துங்கள் என்று கையேடு தெளிவாகவே சொன்னது. பழைய நிரலோ முன்னிருந்து பின்னாக நகலெடுத்ததால், சற்றே படிந்தாலும் பல சமயம் பிழை தெரியவில்லை. வேகத்துக்காகப் பின்னிருந்து நகலெடுக்கும் முறை வந்ததும் ஃபிளாஷ் மாட்டிக்கொண்டது. மெம்காப்பியின் மூலநிரல் அத்தனை காலமும் எல்லார் கண்ணெதிரிலும்தான் இருந்தது. அதை மட்டும் படித்தவர் தவறான முடிவுக்கே வந்திருப்பார்.

கையேடு என்ன சொன்னாலும், ஓடிக்கொண்டிருந்த மென்பொருளை உடைத்தால் பயனருக்குத்தானே நஷ்டம் என்று டோர்வால்ட்ஸ் வாதிட்டார். ஒதுக்க முடியாத வாதம் அது. 2011இல் வந்த ஜிலிப்சி 2.14 ஒரு நடுவழி கண்டது: ஏற்கெனவே தொகுத்த மென்பொருள்களுக்குப் பழைய நடத்தை, புதிதாகத் தொகுப்பவற்றுக்குக் கையேட்டின் விதி. எது பழக்கம், எது வாக்கு என்று பிரித்துக்காட்ட அங்கே கையேடு ஒன்றுதான் இருந்தது.

நிரலுக்கும் விளக்கத்துக்கும் இடையிலான பிளவைக் கட்டற்ற மென்பொருள் உலகமே இன்னும் மூடியபாடில்லை. க்னூ கையேடுகளுக்கான உரிமம், தொழில்நுட்பம் சாராத சில பகுதிகளை எவரும் மாற்ற முடியாதபடி பூட்டிவைக்க இடம் தருகிறது. அப்படிப் பூட்டிய ஆவணங்கள் கட்டற்றவை அல்ல என்று டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலின் திட்டத்தினர் 2006இல் வாக்கெடுத்து முடிவு செய்தார்கள். அதனால்தான் ஜிசிசி தொகுப்பி டெபியனின் முதன்மைப் பிரிவிலும், அதன் கையேடு கட்டற்றவை அல்லாதவற்றின் பிரிவிலும் கிடக்கின்றன.