விளம்பர வாசகத்தில் நிறுத்தக்குறிகள்

கடைப்பலகை, ஃப்ளெக்ஸ், துண்டறிக்கை, குறுஞ்செய்தி முதலிய விற்பனை வாசகங்களில் காற்புள்ளி, முற்றுப்புள்ளி, உணர்ச்சிக்குறி போன்றவற்றை எங்கே இடுவது, எங்கே விடுவது என்பது பற்றியது இக்கட்டுரை.

தமிழுக்கு இக்குறிகள் பிற்காலத்து வரவு. தருமபுரி மாவட்டத்தில் கிடைத்துள்ள பல்லவர் காலத்து நடுகற்கள் அரசனின் ஆட்சியாண்டையும், நடந்த பூசலையும், அதில் பட்ட வீரனின் பெயரையும் இக்குறிகளின் துணையின்றி வட்டெழுத்தில் சொல்லிவிடுகின்றன. அச்சுக்கலையோடு குறிகள் பரவின. ஆறுமுக நாவலர் (1822–1879) தம் உரைநடையிலும் பதிப்புகளிலும் கையாண்டு அவற்றை நிலைபெறச் செய்தார்.

குறி இல்லாமலும் தமிழ் நடந்ததற்குக் காரணம் அதன் இலக்கணத்தில் இருக்கிறது. வாக்கியம் முடிந்ததை வினைமுற்று காட்டும். கேள்வியை ஆகாரமும் அழுத்தத்தை ஏகாரமும் ஏற்றுக்கொள்ளும். ‘இன்றே வாருங்கள்’ என்பதில் அவசரம் ‘இன்றே’ என்ற சொல்லிலேயே வந்துவிட்டது. பின்னால் மூன்று உணர்ச்சிக்குறி நிறுத்துவதால் அது கூடுவதில்லை. ஆடித் தள்ளுபடிக் காலத்தில் தெரு முழுக்கத் தட்டிகள் இப்படியே கூவும்போது, ‘மல்கோவா. கிலோ 80 ரூபாய். காரிமங்கலம் தோட்டத்துப் பழம்.’ என்று எழுதிய பலகை தனியாகக் கண்ணில் படும். வாங்க வருபவருக்கு வேண்டிய மூன்று செய்தியும் அதில் உண்டு.

மேற்கோள்குறியை அழகுக்காகப் போடும் வழக்கம் உணர்ச்சிக்குறிகளை அடுக்குவதைவிடக் கெடுதல். “சுத்தமான” நெய் என்று எழுதினால், அந்தச் சுத்தத்தில் எழுதியவருக்கே நம்பிக்கை இல்லாததுபோல் படிக்க இடமுண்டு.

ஆனால் காற்புள்ளியில் கஞ்சத்தனம் கூடாது. பட்டுக்கூடு விளையும் தருமபுரி மாவட்டத்தில் ‘பட்டுப் புடவை’ ஒரு சரக்கு. ‘பட்டு, புடவை’ இரண்டு சரக்கு. சித்தேரி, வத்தல்மலைப் பக்கத்துத் தேனை விற்பவர் ‘தேன், மிட்டாய்’ என்பதில் காற்புள்ளியை விட்டுவிட்டால் தேன்மிட்டாய் கேட்டு ஆள் வரும். வல்லினம் மிகுவதும் காற்புள்ளியும் ஒரே வேலையின் இரு பக்கங்கள் என்பதால், ஒற்றைத் தவறவிடுபவர் பெரும்பாலும் காற்புள்ளியையும் தவறவிடுகிறார்.

குறுஞ்செய்தியில் கணக்கே வேறு. ஆங்கில எழுத்தில் 160 இடம் கொள்ளும் ஒரு செய்தி, தமிழ் எழுத்தில் 70 இடம்தான் கொள்ளும். ‘கி’ என்ற ஒரே எழுத்துக்கு இரண்டு இடம் போகிறது. அங்கே வீணாக இடும் ஒவ்வொரு குறியும் ஓர் இடத்தைப் பிடிக்கிறது.

எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டியது நட்சத்திரக்குறி. ‘50% தள்ளுபடி*’ என்று பெரிதாகப் போட்டு, நிபந்தனையைக் கீழே பொடி எழுத்தில் ஒளிப்பது ஏமாற்றுவேலைதான். வரம்பு காட்டும் சொல் தமிழில் பின்னால் வருவதால், ‘50% வரை’, ‘ரூ.999 முதல்’ என்பவற்றில் ‘வரை’யையும் ‘முதல்’ஐயும் மட்டும் சிறிதாக்கிவிடுவதும் எளிது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, பொறுப்புத்துறப்பு வாசகம் விளம்பரக் கூற்றின் மொழியிலேயே, அதே எழுத்துருவில் இருக்க வேண்டும். தமிழில் சலுகையைச் சொல்லிவிட்டு நிபந்தனையை ஆங்கிலத்தில் தருவது இதற்கு முரண். தவறான விளம்பரத்துக்கு முதல்முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.