சுக்கான் பிடிச்ச மெட்டல் மைக்

கடல் சரித்திரம்னு சொன்னா பாய்மரம், புயல், கொள்ளைக்காரங்க, புதுத் தீவு தேடிப் போனவங்க, இதைப் பத்தித்தான் எல்லாரும் எழுதுவாங்க. இந்தப் பதிவு கப்பலோட பின்பக்கத்துல, தண்ணிக்கு அடியில, யார் கண்ணுக்கும் படாம தொங்கிக்கிட்டு இருக்கற ஒரு பலகையைப் பத்தி. சுக்கான். அரபு மொழியில இருந்து வந்து தமிழ்ல அப்படியே உட்கார்ந்துக்கிட்ட சொல். அதைப் பிடிக்கற ஆள் சுக்கானி. அந்த சுக்கானி கையில இருந்து சக்கரத்தை ஒரு மெஷின் எப்படி வாங்கிக்கிச்சு, எதை வாங்கிக்காம விட்டுச்சுங்கறதுதான் கதை. கொஞ்சம் இன்ஜினியரிங் வரும். பயப்படாதீங்க, கணக்கு வராது :-)

78 பேர் வேலை

கப்பல் சின்னதா இருந்த வரைக்கும் சுக்கான் ஒரு பிரச்சினையே இல்லை. 18ஆம் நூற்றாண்டுல சக்கரம் வந்தது, கயிறும் கப்பியும் வச்சு நாலு பேர் திருப்பிடலாம். 19ஆம் நூற்றாண்டுல இரும்புக் கப்பல் வந்ததும் எல்லாம் தலைகீழாச்சு. கப்பல் நீளமாச்சு, வேகமாச்சு, சுக்கான் மேல தண்ணி அழுத்தற பலமும் ஏறிக்கிட்டே போச்சு. பிரிட்டிஷ் கடற்படையோட மினோட்டார்ங்கற இரும்புப் போர்க்கப்பல்ல சக்கரத்துல 18 பேர், உதவிக்குக் கயிறு இழுக்க 60 பேர், ஆக மொத்தம் 78 பேர் சேர்ந்தாத்தான் சுக்கானை ஒரு ஓரத்துக்குக் கொண்டு போக முடிஞ்சுதாம். தேர் இழுக்கற கூட்டம் மாதிரி!

நீராவி எஞ்சின்தான் கப்பல்லயே இருக்கே, அதை விட்டுத் திருப்பினா என்னன்னு தோணும். தோணுச்சு. ஆனா அதுல ஒரு சிக்கல். வால்வைத் திறந்தா எஞ்சின் சுக்கானைத் தள்ள ஆரம்பிக்கும். எங்க நிறுத்தணும்னு அதுக்குத் தெரியாது. 10 டிகிரி கேட்டா 35 டிகிரி வரைக்கும் போய் முட்டிக்கிட்டு நிக்கும். மனுஷனுக்கு "போதும், வந்துடுச்சு"ன்னு கையில தெரியும். எஞ்சினுக்குக் கை ஏது?

இதுக்கு விடை கண்டுபிடிச்சவர்ல முக்கியமானவர் ஜான் மெக்ஃபார்லேன் கிரே. 692 அடி நீளமுள்ள கிரேட் ஈஸ்டர்ன் கப்பல்ல 1867ல இவரோட நீராவி ஸ்டியரிங் பொருத்தினாங்க. தந்திரம் எளிமையானது: சக்கரத்தைத் திருப்பினா வால்வு திறக்கும். சுக்கான் நகர நகர, அந்த நகர்வே வால்வை மூடிக்கிட்டு வரும். கேட்ட இடத்துக்கு வந்ததும் வால்வு முழுசா மூடிக்கும். அவ்வளவுதான். செஞ்ச வேலை எங்க வந்து நிக்குதுங்கற சேதி செய்யறவனுக்கே திரும்பப் போகுது. இன்ஜினியரிங்ல இதுக்குத் தமிழ்ப் பேர் பின்னூட்டம். ஆமாங்க, நாம எல்லாரும் ராத்திரி தூங்காம எண்ணிக்கிட்டு இருப்போமே, அதே பின்னூட்டம்தான் ;-)

1873ல ஜோசப் ஃபார்கோங்கற பிரெஞ்சுக்காரர் இந்த மாதிரி மெஷின்களுக்கு 'செர்வோ மோட்டார்'னு பேர் வச்சு ஒரு புத்தகமே எழுதினார். இன்னைக்கு ரோபோ கையில இருக்கற செர்வோ வரைக்கும் எல்லாத்துக்கும் அந்தப் பேர்தான். பேர் பிறந்த இடம் கப்பலோட சுக்கான்.

எண்ணெய் போன வழி

அடுத்த தலைவலி தூரம். ஸ்டியரிங் எஞ்சின் பின்பக்கம். சக்கரம் நடுவுல, பிரிட்ஜ்ல. நடுவுல நூத்துக்கணக்கான அடி. சங்கிலி, கம்பி, பல்சக்கரம்னு இழுத்துட்டுப் போனா துருப்பிடிக்கும், சிக்கும், அறுந்து போகும். எடின்பரோவுல ஆண்ட்ரூ பெட்ஸ் பிரவுன்ங்கறவர் 1880கள்ல இதுக்கு ஹைட்ராலிக் டெலிமோட்டார் கொண்டு வந்தார். ரெண்டு மெல்லிசான குழாய், உள்ள திரவம். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது. இந்தப் பக்கம் ஒரு அங்குலம் தள்ளினா அந்தப் பக்கம் அதே அளவு வெளிய வந்தே ஆகணும். சக்கரம் இங்க பிஸ்டனைத் தள்ள, அங்க இன்னொரு பிஸ்டன் எஞ்சினோட வால்வைத் திருப்பும்.

டைட்டானிக்லயும் இதுதான் இருந்தது. 1985ல கப்பலைக் கண்டுபிடிச்சப்புறம் எடுத்த படங்களைப் பார்த்திருப்பீங்க. மரச்சக்கரம் இல்லை, சுத்தி இருந்த அறையும் இல்லை. ஆனா வெண்கல டெலிமோட்டார் மட்டும் சுமார் 3,800 மீட்டர் ஆழத்துல நின்னுக்கிட்டே இருக்கு.

இதுவரைக்கும் மெஷின் எடுத்துக்கிட்டது சுக்கானியோட கை பலத்தைத்தான். மூளை இன்னும் அவரோடதுதான்.

மைக் வந்தார்

மூளைக்கு மொத தேவை கப்பல் எந்தத் திசையில போகுதுன்னு தெரியறது. இரும்புக் கப்பல்ல காந்தத் திசைகாட்டி தடுமாறும். ஜெர்மனியில ஹெர்மன் அன்ஷூட்ஸ் காம்ஃபே, அமெரிக்காவுல எல்மர் ஸ்பெர்ரி, ரெண்டு பேரும் தனித்தனியா பம்பரம் மாதிரி சுத்தற ஜைரோ திசைகாட்டியை உருவாக்கினாங்க. ஸ்பெர்ரியோடது 1911ல டெலாவேர்ங்கற போர்க்கப்பல்ல சோதனைக்குப் போச்சு. அதை ஸ்டியரிங்கோட இணைச்சா? 1922ல ஒரு எண்ணெய்க் கப்பல்ல ஸ்பெர்ரியோட தானியங்கி சுக்கானி வேலையை ஆரம்பிச்சது. மாலுமிங்க அதுக்கு 'மெட்டல் மைக்'னு பேர் வச்சாங்க. 1932க்குள்ள 400க்கு மேல வணிகக் கப்பல்ல மைக் ஏறிட்டார். சம்பளம் கேக்க மாட்டார், சாயா கேக்க மாட்டார், தூங்க மாட்டார்.

ஆனா இந்த வேலை பார்க்கறதுக்குத்தான் சுலபம். "கப்பல் வலது பக்கம் விலகினா சுக்கானை இடது பக்கம் திருப்பு"ன்னு மட்டும் ஒரு மெஷினுக்குச் சொல்லிப் பாருங்க. கப்பல் பாம்பு மாதிரி நெளியும். குரங்கு பெடல் போட்டு சைக்கிள் கத்துக்கிட்டவங்களுக்கு இது புரியும். மொத நாள் ஹேண்டில்பாரை இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு. விழப்போறோம்னு தெரிஞ்சப்புறம் திருப்பறதால வர்ற வினை. கப்பல் இன்னும் மோசம். சுக்கானை நேராக்கினாலும் ஆயிரக்கணக்கான டன் இரும்பு சுத்திக்கிட்டேதான் இருக்கும். கடல்ல பிரேக் கிடையாது.

நல்ல சுக்கானி என்ன செய்யறார்? இதைக் கூர்ந்து பார்த்து எழுதினவர் நிக்கோலஸ் மினோர்ஸ்கி. ரஷ்யாவுல 1885ல பிறந்தவர், கடற்படைக்காரர், புரட்சிக்கு அப்புறம் 1918ல அமெரிக்கா போனார். 1922ல அவர் எழுதின கட்டுரையோட சாரத்தை நம்ம பாஷையில சொன்னா, சுக்கானி மூணு விஷயம் பார்க்கறார்.

ஒண்ணு, இப்ப எவ்வளவு விலகியிருக்கோம். அதுக்குத் தகுந்த மாதிரி சுக்கான்.

ரெண்டு, எவ்வளவு வேகமா திரும்பிக்கிட்டு இருக்கு. கப்பல் சரியான திசைக்கு வர்றதுக்கு முன்னாடியே சுக்கானை எதிர்ப்பக்கம் கொஞ்சம் கொடுத்து அந்தச் சுழற்சியை வாங்கி நிறுத்திடுவார். வரப்போறதுக்கு இப்பவே பதில்.

மூணு, எவ்வளவு நேரமா ஒரே பக்கம் இழுக்குது. காத்தோ நீரோட்டமோ விடாம தள்ளிக்கிட்டு இருந்தா, சுக்கானை நிரந்தரமா கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ச்சே வச்சுக்குவார்.

இப்போ, வருங்காலம், கடந்தகாலம். மூணையும் கூட்டினா சுக்கானி. இதை அவர் கணிதமா எழுதினதுதான் இன்னைக்கு தொழிற்சாலைகள்ல இருக்கறவங்க பிஐடி கண்ட்ரோல்னு சொல்றது. பாய்லர் சூட்டுல இருந்து ட்ரோன் வரைக்கும் அதே மூணு. கப்பல் சுக்கானியைப் பார்த்து எழுதினதுன்னு அதை தினம் உபயோகிக்கற பல பேருக்குத் தெரியாது.

1923ல நியூ மெக்சிகோங்கற போர்க்கப்பல்ல சோதிச்சாங்க. முழுசா எல்லாம் சேர்க்காதப்ப 2 டிகிரி வரைக்கும் அலைஞ்ச கப்பல், எல்லாத்தையும் சேர்த்ததும் ஒரு டிகிரியில ஆறில் ஒரு பங்குக்குள்ள நின்னுச்சு. பெரும்பாலான சுக்கானிகளை விட இது மேல். அப்புறம்? கடற்படை அதை எடுத்துக்கலை. கப்பல்ல வேலை பார்த்தவங்களோட எதிர்ப்புதான் காரணம். அவங்களை நான் குறை சொல்ல மாட்டேன். தன் கையைப் பார்த்து எழுதின கணக்கு தன் கையையே வேண்டாம்னு சொன்னா எவனுக்குத்தான் பிடிக்கும்?

சின்னப் படகுக்குள்ள

போர்க்கப்பல் வேண்டாம்னது இன்னைக்கு மீன்பிடி படகுலயும் உல்லாசப் படகுலயும் இருக்கு. ஹைட்ராலிக் ஸ்டியரிங் உள்ள படகுல அதைப் பொருத்தறது எப்படின்னு பார்த்தா மேல சொன்ன சரித்திரம் முழுக்க ஒரே இடத்துல வந்து நிக்கும்.

படகுல சக்கரத்துக்குப் பின்னாடியே ஒரு சின்னக் கை பம்ப். அதுல இருந்து ரெண்டு குழாய் பின்பக்கம் போய் சுக்கானோட இணைஞ்ச சிலிண்டரைத் தள்ளும், இழுக்கும். பிரவுனோட டெலிமோட்டாரின் பேரப்பிள்ளை! ஆட்டோபைலட் வைக்கணும்னா அந்த ரெண்டு குழாயிலயும் ஒரு டீ போட்டு (பிளம்பர் போடற டீ, குடிக்கறது இல்லை), ரெண்டு பக்கமும் ஓடக்கூடிய ஒரு மின்சார பம்பைச் சேர்க்கணும். மூணாவதா ஒரு குழாய் எண்ணெய்த் தொட்டிக்கு. நடுவுல ஒருவழி வால்வு அவசியம். இல்லைன்னா பம்ப் அனுப்பற எண்ணெய் சுக்கானுக்குப் போகாம சக்கரத்தைச் சுத்திவிடும். பம்போட அளவு சிலிண்டரோட கொள்ளளவுக்குப் பொருந்தணும். சின்னதா இருந்தா சுக்கான் ஆடி அசைஞ்சு வரும், பெருசா இருந்தா வெட்டி வெட்டி இழுக்கும்.

கடைசியில குழாய்ல காத்து இல்லாம எடுக்கணும். பொறுமையைச் சோதிக்கற வேலை இதுதான். எண்ணெய் சுருங்காது, காத்து சுருங்கும். ஒரு குமிழி இருந்தாலும் சக்கரம் திரும்பும், சுக்கான் சும்மா இருக்கும். திசை உணர்கருவியை இரும்புக்கும் ஸ்பீக்கர் காந்தத்துக்கும் தள்ளி வைக்கணும். சுக்கான் எங்க இருக்குன்னு சொல்ல அங்க ஒரு உணர்கருவி. இது கிரேயோட பின்னூட்டம்.

எல்லாம் முடிஞ்சு கடல்ல சோதிக்கும்போது மெனுவுல மூணு அளவு கேக்கும்: விலகலுக்கு எவ்வளவு சுக்கான், எதிர்ச்சுக்கான் எவ்வளவு, தொடர் இழுப்புக்குச் சரிக்கட்டறது எவ்வளவு. மினோர்ஸ்கி பார்த்த அதே மூணு.

நாலாவது விஷயம்

1967 மார்ச் 18 காலை. குவைத்ல இருந்து சுமார் 1,19,000 டன் கச்சா எண்ணெயோட வந்த டோரி கேன்யன், இங்கிலாந்தோட தென்மேற்கு முனைக்கும் சில்லி தீவுகளுக்கும் நடுவுல போய்க்கிட்டு இருந்தது. மில்ஃபோர்ட் ஹேவன் துறைமுகத்துல ஓதத்தைப் பிடிக்கற அவசரம். ஆட்டோபைலட் ஓட்டுது. எதிர்ல செவன் ஸ்டோன்ஸ் பாறைகள். கடைசி நேரத்துல சக்கரத்தைத் திருப்பறாங்க. கப்பல் திரும்பலை. தேர்வுக் கைப்பிடி தானியங்கியிலயும் இல்லை, கைமுறையிலயும் இல்லை. சக்கரத்துக்கும் சுக்கானுக்கும் தொடர்பே இல்லாத ஒரு நிலையில இருந்திருக்கு. கண்டுபிடிச்சுத் திருப்பறதுக்குள்ள 974 அடிக் கப்பல் பாறையில ஏறிடுச்சு. கார்ன்வால் கரையெல்லாம் கறுப்பு. கடைசியில விமானப்படை குண்டு போட்டு எண்ணெயை எரிக்கற நிலைமை.

1995 ஜூன். பெர்முடாவுல இருந்து பாஸ்டனுக்கு 1,509 பேரோட கிளம்பின ராயல் மெஜஸ்டி. கிளம்பின கொஞ்ச நேரத்துல ஜிபிஎஸ் ஆன்டெனா கேபிள் கழண்டு போச்சு. கருவி வேகத்தையும் திசையையும் வச்சு இடத்தை யூகிக்க ஆரம்பிச்சது. திரையில அதைச் சொன்னது ரெண்டு சின்னச் சுருக்கெழுத்து. ஆட்டோபைலட் அந்த யூகத்தை நம்பி 34 மணி நேரம் துல்லியமா ஓட்டுச்சு, தப்பான பாதையில. நான்டக்கெட் பக்கத்து மணல்திட்டுல ஏறினப்ப 17 மைல் விலகியிருந்தது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. எனக்கு மனசுல தங்கினது வேற: தரை தட்டறதுக்கு முன்னாடி காவலுக்கு நின்னவர், முன்னால தண்ணி நீலமும் வெள்ளையுமா தெரியுதுன்னு சொல்லியிருக்கார். அந்த நிறம்னா ஆழமில்லைன்னு அர்த்தம். பொறுப்புல இருந்த அதிகாரி எதுவும் செய்யலை.

ரெண்டு விபத்துலயும் மெஷின் கெட்டுப் போகலை. சொன்னதைச் செஞ்சது. சுக்கானி கிட்ட மினோர்ஸ்கி எழுதாத நாலாவது விஷயம் ஒண்ணு இருக்கே, தலையைத் தூக்கி வெளிய பார்க்கறது, அது மட்டும் அந்த மூணு குழாய்ல எதுலயும் ஓடாது.

அதனாலதான் 1972 மோதல் தடுப்பு விதிகள்ல 5ஆவது விதி, எந்நேரமும் கண்ணாலயும் காதாலயும் காவல் இருக்கணும்னு சொல்லுது. தானியங்கியில இருந்து கைமுறைக்கு உடனே மாற முடியணும், ரொம்ப நேரம் தானியங்கியில ஓடினா கைமுறை ஸ்டியரிங்கைச் சோதிச்சுப் பார்க்கணும்னும் இப்போ சர்வதேச விதி இருக்கு.

படகுல ஆட்டோபைலட் மாட்டறவங்க யாராவது தெரிஞ்சா ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க மக்களே. மாட்டி முடிச்சதும் மொதல்ல பழக வேண்டியது அதை ஆன் பண்றது இல்லை. கண்ணை மூடிக்கிட்டுக் கையை நீட்டினாலும் அகப்படற மாதிரி, ஆஃப் பண்ற பொத்தான் எங்க இருக்குங்கறதை.